எந்தத் தோட்டா ஏறும்?

வங்கி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் காவலரின் துப்பாக்கியை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பெரும்பாலும் அவர் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். தோள்வார் தேய்ந்து கறுத்திருக்கும். கட்டையில் பல வருட எண்ணெயின் மினுக்கம். ஒட்டிப் பிறந்தவை போல இரண்டு குழல்கள். ஊரில் இதை இரட்டைக் குழல் என்பார்கள். உரிமப் புத்தகத்தில் ‘12 போர் டி.பி.பி.எல்.’ என்று எழுதியிருக்கும். அந்த நான்கு எழுத்துகளின் பொருள்: இரண்டு குழல் உடையது, பின்புறமாகத் தோட்டா போடுவது.

போர் (bore) என்பது குழலின் உள்ளளவு. அதில் 12 என்பது எங்கிருந்து வந்தது? ஒரு பவுண்டு ஈயத்தை உருக்கி ஒரே அளவான பன்னிரண்டு உருண்டைகளாக வார்த்தால், அதில் ஓர் உருண்டை இந்தக் குழலுக்குள் சரியாக நுழையும். குழலின் உள்விட்டம் ஏறக்குறைய 18.5 மில்லிமீட்டர். இருபது உருண்டையாக வார்த்தால் உருண்டை சிறுக்கும்; ஆகவே 20 போர் துப்பாக்கியின் குழல் 12 போரை விட ஒடுக்கமானது. ரிவால்வருக்கும் ரைபிளுக்கும் கணக்கு வேறு. அங்கே .32, .303, .315 என்று வருவதெல்லாம் அங்குலத்தின் பின்னங்கள். ஒரே உரிமப் புத்தகத்தில் ஈய உருண்டைக் கணக்கும் அங்குலக் கணக்கும் மில்லிமீட்டர் கணக்கும் கலந்து கிடக்கும். துப்பாக்கிச் சட்டத்தைப் படிக்கப் புகுந்தவர் முதலில் தடுமாறும் இடம் இது.

இந்தக் கணக்குகள் வெறும் தொழில்நுட்ப விவரம் அல்ல. உரிமம் இல்லாமல் சாதாரணத் துப்பாக்கி வைத்திருந்தவருக்கு 2019 திருத்தத்துக்குப் பின் குறைந்தபட்சத் தண்டனை இரண்டு ஆண்டு. அதே துப்பாக்கி ‘தடைசெய்யப்பட்ட ஆயுதம்’ என்ற வகைக்குள் போய்விட்டால் குறைந்தபட்சம் ஏழு ஆண்டு, அதிகபட்சம் பதினான்கு. நடுவில் இருக்கும் கோடு எதை வைத்துப் போடப்பட்டது என்று கேட்க ஒரு குடிமகனுக்கு உரிமை உண்டு. ஆபத்தின் அளவை வைத்துத்தான் போட்டிருப்பார்கள் என்று நானும் நினைத்திருந்தேன். ஆயுதச் சட்டத்தையும் அதன் விதிகளின் முதல் அட்டவணையையும் வரிவரியாகப் படித்த பிறகு அந்த நினைப்பு போய்விட்டது.

இன்று நடப்பில் உள்ளது 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம். 1962 அக்டோபர் 1 முதல் செயலில் இருக்கிறது. அதன் கீழ் இயற்றப்பட்ட 1962 விதிகளுக்குப் பதிலாக 2016இல் புதிய விதிகள் வந்தன. ஆனால் ஆயுதங்களை வகை பிரிக்கும் அட்டவணையின் உயிர்நாடி பழையதாகவே நிற்கிறது.

சட்டம் மிகவும் தாராளமாக நடந்துகொள்ளும் இடத்திலிருந்து தொடங்கலாம். 13ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவு, உட்புறம் வழுவழுப்பாக உள்ள, இருபது அங்குலத்துக்குக் குறையாத குழல் கொண்ட துப்பாக்கியைத் தற்காப்புக்கோ விளையாட்டுக்கோ கேட்கும் குடிமகனுக்கு, மறுக்கக் காரணம் ஏதும் இல்லாவிட்டால், உரிமம் தர வேண்டும் என்கிறது. பயிர்க் காவலுக்காக வாய்வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி கேட்கும் விவசாயிக்கும் அப்படியே. ரைபிள், ரிவால்வர், பிஸ்டல் கேட்டால் பேச்சு மாறும். அங்கே ‘தக்க காரணம்’ உண்டு என்று அதிகாரி திருப்தியடைய வேண்டும்.

ஏன் இருபது அங்குலம்? ஒரு முழத்துக்குச் சற்றுக் கூடுதலான குழலோடு கட்டையும் சேர்ந்தால் வேட்டி மடிப்பிலோ சட்டைக்குள்ளோ ஒளிக்க முடியாது. வழுவழுப்பான குழலிலிருந்து புறப்படும் ரவைகள் விரிந்து சிதறிச் சீக்கிரமே வேகம் இழக்கும். நெடுந்தூரம் குறிவைத்துச் சுட உதவாது. ரைபிள் குழலின் உட்புறத்தில் திருகாணி மரை போலப் புரிகள் வெட்டியிருக்கும். குண்டு அதில் சுழன்றுகொண்டு வெளியேறுவதால்தான் பல நூறு கெஜம் நேராகப் போகிறது. சுருங்கச் சொன்னால், எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி தூக்கிச் செல்ல வேண்டிய, கிட்டத்தில் மட்டும் வலுவுள்ள ஆயுதத்தைத் தருவதில் அரசுக்குத் தயக்கம் குறைவு. இந்தத் தர்க்கம் எனக்கு நியாயமாகவே படுகிறது. அதே குழலை அறுத்துக் குட்டையாக்கினால் அது அட்டவணையின் முதல் வகைக்குத் தாவிவிடும். அனுமதியில்லாமல் அறுத்தவருக்கு இன்று ஏழு ஆண்டு முதல் ஆயுள் வரை சிறை.

வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியைத்தான் நம் பக்கத்தில் நாட்டுத் துப்பாக்கி என்கிறோம். நரிக்குறவர் தோளில் தொங்கியதை முந்தைய தலைமுறை அறியும். குழல் வாயில் கருமருந்தைக் கொட்டி, தேங்காய் நாரோ கந்தல் துணியோ திணித்து, நீளக் கம்பியால் இடித்துக் கெட்டித்து, ரவை போட்டு, மறுபடி அடைத்து, பின்னால் ஒரு கேப்பைச் செருகிக் குதிரையை இழுக்க வேண்டும். ஒரு வெடிக்கு இத்தனை பாடு. மழைச்சாரல் பட்டால் அதுவும் இல்லை. உலகில் இன்று புழங்கும் துப்பாக்கிகளில் இதைவிட மெதுவானது எதுவும் இருக்க முடியாது. சட்டமும் அதை உணர்ந்துதான் பயிர்க்காவல் சலுகையில் வைத்தது. ஆனால் 1972இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், வனத்துறையின் அனுமதியில்லாமல் காட்டு விலங்கைச் சுடுவதைக் குற்றமாக்கிவிட்டது. ஒரு சட்டம் பயிரைக் காக்கத் துப்பாக்கி தருகிறது. இன்னொரு சட்டம் அதை நீட்டக் கூடாது என்கிறது. இரண்டுக்கும் நடுவில் மலைக் கிராமங்களில் உரிமமில்லாத நாட்டுத் துப்பாக்கிகள் கூரைக்குள்ளும் வைக்கோல் போருக்குள்ளும் ஒளிந்துகொண்டன. ஜவ்வாது மலை, கல்வராயன் மலை, கிருஷ்ணகிரிக் காட்டோரங்களில் தாமாகக் கொண்டுவந்து ஒப்படைத்துவிடுங்கள் என்று காவல்துறை அவ்வப்போது தண்டோரா போடுவது இவற்றுக்காகத்தான்.

இனி அட்டவணையின் இதயத்துக்கு வருவோம். துப்பாக்கி வைத்திருப்பவர்கள் தங்களுக்குள் பேசும்போது இரண்டே வகை சொல்வார்கள்: பி.பி., என்.பி.பி. அதாவது தடைசெய்த போர், தடைசெய்யாத போர். இரண்டாவதற்கு மாவட்ட ஆட்சியரிடமோ மாநகரக் காவல் ஆணையரிடமோ உரிமம் கேட்கலாம். முதலாவதற்கு டெல்லியில் உள்துறை அமைச்சகத்தின் கதவைத் தட்ட வேண்டும்.

அட்டவணையின் முதல் வகையில் என்ன இருக்கிறது? விசையை அழுத்திப் பிடித்தால், விடும் வரை அல்லது தோட்டா தீரும் வரை சுட்டுக்கொண்டே இருக்கும் இயந்திரத் துப்பாக்கிகள், பீரங்கிகள், நச்சுவாயு பீய்ச்சும் ஆயுதங்கள். இவற்றில் யாருக்கும் கருத்து வேறுபாடு இருக்காது. அடுத்து, ஒவ்வொரு முறை சுட்டபின்னும் தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கிகள். ஆனால் பிஸ்டலுக்கு மட்டும் இதில் விலக்கு. அதன்பின் வருவதுதான் விசித்திரமான பட்டியல்: .303 அல்லது 7.62 மில்லிமீட்டர் ராணுவத் தோட்டாவை ஏற்றுச் சுடக்கூடிய ரைபிள்கள்; .410 மஸ்கெட் தோட்டாவை ஏற்கும் மஸ்கெட்டுகள்; .380, .455, ராணுவ 9 மில்லிமீட்டர், .45 தோட்டாக்களை ஏற்கும் பிஸ்டல், ரிவால்வர், கார்பைன்கள்.

இந்தப் பட்டியலைக் கவனியுங்கள். துப்பாக்கி எத்தனை வேகம், எவ்வளவு தூரம், எத்தனை பேரைக் கொல்லும் என்ற கேள்வியே இதில் இல்லை. எந்தத் தோட்டா ஏறும் என்பது மட்டுமே கேள்வி. அரசின் கிடங்கில் இருக்கும் தோட்டா உன் துப்பாக்கியில் ஏறுமா? ஏறும் என்றால் அது உனக்குக் கிடையாது.

.410 மஸ்கெட் இதற்குச் சரியான சாட்சி. இது என்ன துப்பாக்கி? பழைய லீ-என்ஃபீல்டு ரைபிளின் குழலை உட்புறம் வழுவழுப்பாக்கி, ஒரு நேரத்தில் ஒரே தோட்டா போடும்படி மாற்றிச் சிறைக் காவலர்களுக்கும் போலீசாருக்கும் கொடுத்தது. இந்தியக் காவலர் கையில் நல்ல ரைபிள் இருக்கக் கூடாது என்பது 1857இல் வெள்ளையர் கற்றுக்கொண்ட பாடத்தின் மிச்சம். ஒற்றைத் தோட்டா போட்டுச் சுடும் இந்தக் கிழட்டுத் துப்பாக்கி முதல் வகையில் இருக்கிறது. சட்டைக்குள் மறையும், விசையை அழுத்த அழுத்த அடுத்தடுத்துச் சுடும் .32 பிஸ்டல் மூன்றாம் வகையில், சாதாரண உரிமத்துக்குள் இருக்கிறது. இரண்டையும் ஒரு மேஜையில் அருகருகே வைத்துக்கொண்டு எது மக்களுக்கு அபாயம் என்று ஒரு பள்ளிப் பிள்ளையைக் கேட்டால்கூடச் சரியாகச் சொல்லிவிடும்.

சட்டம் ஏன் இப்படி யோசித்தது என்பதற்கு விடை வரலாற்றில் இருக்கிறது. 1878இல் வைஸ்ராய் லிட்டன் காலத்தில் வந்த ஆயுதச் சட்டம் இந்தியரை நிராயுதபாணிகளாக்கியது. தாய்மொழி இதழ்களுக்கு வாய்ப்பூட்டுப் போட்டதும் அதே ஆண்டு, அதே லிட்டன்தான். ஆளும் இனத்துக்கு அந்த ஆயுதச் சட்டத்திலிருந்து விலக்கு இருந்தது. காந்தியடிகள்கூடப் பிரிட்டிஷ் ஆட்சியின் கறைகளில் இதை மிகக் கரிய ஒன்றாக எண்ணினார். 1931 கராச்சி காங்கிரஸ் தீர்மானம் ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைக் குடிமக்களின் அடிப்படை உரிமைகளில் சேர்த்தது. அந்நாளில் பிரிட்டிஷ் சட்டம் எட்டாத பிரெஞ்சுப் புதுச்சேரிக்கு என்ன மதிப்பு இருந்தது என்பது வ.வே.சு. ஐயரின் வரலாறு அறிந்தவர்களுக்குத் தெரியும். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் வாஞ்சிநாதன் கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் பிஸ்டல்.

அரசின் பெரிய கவலை கைத்துப்பாக்கியை விட ராணுவக் கிடங்கைப் பற்றியதாக இருந்தது. ஒரு கலகக்காரனிடம் துப்பாக்கி இருந்தாலும் தோட்டா தீர்ந்ததும் அது வெறும் இரும்பு. தோட்டா எங்கிருந்து வரும்? ராணுவ முகாமிலிருந்து திருடித்தான் வர வேண்டும். மக்களிடம் இருக்கும் துப்பாக்கியில் ராணுவத் தோட்டா ஏறவே ஏறாது என்று செய்துவிட்டால் திருட்டுக்குப் பயன் இல்லை. இந்த யோசனை எவ்வளவு தூரம் போனது என்பதற்கு வேட்டை உலகில் ஒரு சான்று உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவில் .450 அளவு ரைபிள்கள் தடை செய்யப்பட்டன. பழைய மார்ட்டினி-ஹென்றி ராணுவத் துப்பாக்கிகள் அந்த அளவு; வேட்டைத் தோட்டாவின் குண்டு அவற்றுக்குப் போய்விடும் என்ற அச்சம். புலியும் யானையும் சுட வந்த துரைமார்களின் சந்தையை இழக்க மனமில்லாத பிரிட்டிஷ் துப்பாக்கிக் கம்பெனிகள் .465, .470 என்று புதுப்புது அளவுகளில் தோட்டா செய்தன. .450க்கும் .470க்கும் எண்ணில் உள்ள வித்தியாசம் ஓர் அங்குலத்தில் ஐம்பதில் ஒரு பங்கு. யானைக்கு அந்த வித்தியாசம் தெரியப் போவதில்லை.

.303க்கும் அதே கதைதான். லீ-என்ஃபீல்டு ரைபிளின் அதே உடம்பில் .315 குழலைப் பொருத்தி இந்தியச் சந்தைக்கென்றே விற்றார்கள். சுதந்திரத்துக்குப் பின் நம் படைக்கலத் தொழிற்சாலைகள் அதே வழியில் .315 ரைபிள் செய்தன. இன்று குடிமக்கள் உரிமத்தில் வாங்கும் ரைபிள் என்றால் பெரும்பாலும் அதுதான். ரிவால்வரில் .32. டெல்லி நிர்பயா கொடுமைக்குப் பின் 2014இல் பெண்களுக்கென்று கான்பூரில் செய்த ‘நிர்பீக்’ என்ற எடை குறைந்த ரிவால்வரும் .32தான். ராணுவத் தோட்டா ஏறும் அளவில் செய்தால் சாதாரண உரிமத்தில் விற்க முடியாது.

ராணுவத் தோட்டாவைக் காக்கும் கவலையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. 1992இல் வீரப்பன் கும்பல் கர்நாடகத்தின் ராமாபுரம் காவல் நிலையத்தைத் தாக்கி ஆயுதங்களை அள்ளிச் சென்றதை இரு மாநிலமும் மறக்கவில்லை. ஆனால் அந்தக் கோடு செய்த இன்னொரு வேலையையும் பார்க்க வேண்டும். வட மாநிலங்களில் பட்டறைகளில் கள்ளத்தனமாகச் செய்யும் கைத்துப்பாக்கியைக் கட்டா என்பார்கள். உத்தரப் பிரதேசம், பீகார் காவல் நிலையங்களின் முதல் தகவல் அறிக்கைகளில் கட்டாவோடு ஒட்டிக்கொண்டு வரும் எண் .315. அடுத்தது 12 போர். கள்ளப் பட்டறைக்காரன் அந்த அளவுகளை ஏன் தேர்ந்தான்? கடையில் கிடைக்கும் தோட்டா அவைதான். குடிமக்களுக்கு இதுவே போதும் என்று சட்டம் திறந்துவிட்ட வாசல் வழியாகவே கள்ளத் துப்பாக்கிக்கும் இரை போகிறது. இந்தியாவில் துப்பாக்கிக்குப் பலியாவோரில் பெரும்பாலோர் உரிமமில்லாத துப்பாக்கிக்கே பலியாகிறார்கள். அந்தத் துப்பாக்கி ராணுவத் தோட்டாவை ஏற்பதில்லை என்பதால் இறந்தவருக்கு ஒரு நன்மையும் இல்லை.

நம் சட்டம் தோட்டாவைக் கேட்கிறது என்றால் அமெரிக்கச் சட்டம் விசையைக் கேட்கிறது. 1934இல், மதுவிலக்குக் காலக் கும்பல்களின் இயந்திரத் துப்பாக்கிகளைக் கண்டு மிரண்ட அமெரிக்கா தேசியத் துப்பாக்கிச் சட்டத்தை இயற்றியது. விசையின் ஒரே இயக்கத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட குண்டு தானாகப் பாய்ந்தால் அது இயந்திரத் துப்பாக்கி. கைமாற்ற 200 டாலர் வரி, பதிவு. முதல் வரைவில் ரிவால்வரும் பிஸ்டலும்கூட இருந்தன. நீளத் துப்பாக்கியை அறுத்துக் கைத்துப்பாக்கி போல ஆக்கி ஏமாற்றிவிடக் கூடாதே என்று குட்டைக் குழல் துப்பாக்கிகளையும் சேர்த்தார்கள். பிறகு எதிர்ப்பு வந்ததும் கைத்துப்பாக்கிகளை மட்டும் நீக்கிவிட்டார்கள். காவல் காக்க வேண்டிய வீடு போனது, வேலி நின்றது. 1939இல் மில்லர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த வேலியை ஏற்றது. இன்றும் அங்கே ரைபிள் குழலுக்கு 16 அங்குலம், சிதறு ரவைத் துப்பாக்கிக் குழலுக்கு 18 அங்குலம் என்ற கோடு இருக்கிறது. கைத்துப்பாக்கியோ பெரும்பாலான மாநிலங்களில் கடையில் வாங்கக்கூடிய பொருள்.

விசையை வைத்துக் கோடு போட்டதன் விலை 2017 அக்டோபர் 1 அன்று லாஸ் வேகாஸில் தெரிந்தது. இசை நிகழ்ச்சிக் கூட்டத்தின் மீது ஓட்டல் ஜன்னலிலிருந்து ஒருவன் சுட்டான். அன்றிரவே இறந்தவர்கள் 58 பேர். காயங்களால் பின்னர் இறந்தவர்களையும் சேர்த்து 60. அவன் வைத்திருந்தவை சட்டப்படி வாங்கிய ரைபிள்கள். அவற்றில் ‘பம்ப் ஸ்டாக்’ என்ற கட்டையைப் பொருத்தியிருந்தான். சுடும்போது துப்பாக்கி பின்னுக்கு உதைக்கும் உந்துதலைப் பயன்படுத்தி, அசையாத விரலில் விசை தானே வந்து வந்து மோதும்படி செய்யும் உபகரணம் அது. இயந்திரத் துப்பாக்கிக்கு நிகரான வேகம் கிடைக்கும். அரசு அதை இயந்திரத் துப்பாக்கி வகையில் சேர்த்தது. 2024 ஜூன் 14 அன்று உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் அது செல்லாது என்றது. ஒவ்வொரு குண்டுக்கும் விசை ஒருமுறை விடுபட்டு மீண்டும் அழுந்துகிறது. ஆகவே சட்டத்தின் சொற்களுக்குள் அது வராது என்பது தீர்ப்பு. சொற்களை மட்டும் பார்த்தால் தீர்ப்பில் நியாயம் இருக்கலாம். குண்டடி பட்டவர் பக்கம் நின்று பார்த்தால் அந்த வகைப்பாட்டுக்கு அர்த்தமே இல்லை. நம் சட்டத்தின் இயந்திரத் துப்பாக்கி விளக்கமும் விசை மேல்தான் நிற்கிறது. ஆனால் இங்கே தானே தோட்டா ஏற்றும் ரைபிளே சாமானியருக்கு எட்டாது என்பதால் அந்தக் கேள்வி எழவில்லை. இந்த ஒரு கோட்டுக்காக நம் சட்டத்தை நான் மனமாரப் பாராட்டுவேன்.

பிரிட்டன் நீளத்தைப் பிடித்துக்கொண்டது. 1996 மார்ச் 13 அன்று ஸ்காட்லாந்தின் டன்பிளேன் பள்ளியில் பதினாறு குழந்தைகளும் அவர்களின் ஆசிரியையும் கொல்லப்பட்டார்கள். 1997இல் குழல் 30 சென்டிமீட்டருக்கோ மொத்த நீளம் 60 சென்டிமீட்டருக்கோ குறைந்த துப்பாக்கிகள் ஏறக்குறைய முழுவதுமாகத் தடை செய்யப்பட்டன. மறைத்து எடுத்துச் செல்ல முடியுமா என்பதே அங்கே கேள்வி. அளவுநாடா இருந்தால் எந்தக் காவலரும் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம். வகைப்பாட்டில் இந்தத் தெளிவு எவ்வளவு பெரிய நன்மை என்பது நீதிமன்றத்தில் தடயவியல் அறிக்கைக்காக மாதக்கணக்கில் காத்திருந்தவர்களுக்குத் தெரியும்.

ஆயுதத்தைப் பார்க்காமல் ஆளைப் பார்க்கும் வகைப்பாடும் நம்மிடம் உண்டு. குடகில் கொடவர்களுக்கும் ஜம்மா நில உரிமையாளர்களுக்கும் வெள்ளையர் காலத்திலிருந்தே துப்பாக்கி உரிமத்திலிருந்து விலக்கு. 2019இல் மத்திய அரசு அதைப் பத்தாண்டு நீட்டித்தது; 2021இல் கர்நாடக உயர் நீதிமன்றமும் ஏற்றது. கைல்போது திருவிழாவில் அவர்கள் துப்பாக்கிக்குப் பூ வைத்து வழிபடுவது அழகான வழக்கம்தான். ஆனால் ஒரு மலையில் ஒரு சமூகத்துக்குப் பரம்பரைப் பெருமையாக இருப்பது, இன்னொரு மலையில் பன்றிக்குப் பயந்து மரவள்ளிக்குக் காவலிருக்கும் ஏழைக்குச் சிறைத் தண்டனையாக இருப்பதை என்னால் நியாயம் என்று சொல்ல முடியவில்லை.

வகைப்பாட்டில் பயனைப் பார்க்கும் விவேகமும் நம் அட்டவணைக்கு இல்லாமல் இல்லை. ஐந்தாம் வகையில் வாள், ஈட்டி, குத்துவாள் எல்லாம் வருகின்றன. ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளும் அதில் சேரும். வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் என்றே செய்தவற்றுக்கு விலக்கு. இல்லையென்றால் இளநீர்க் கடை அரிவாளுக்கும் உரிமம் கேட்க வேண்டியிருக்கும். அரிவாளிடம் காட்டிய இந்த நிதானத்தைத் துப்பாக்கியிடமும் காட்டலாம். மறைக்க முடியுமா, எவ்வளவு விரைவாகச் சுடும், எவ்வளவு தூரம் கொல்லும் என்று மூன்றையும் பார்த்துக் கோட்டைத் திருப்பிப் போட வேண்டும். ராணுவத் தோட்டா நான்காவது கேள்வியாக இருக்கட்டும். அப்படிப் போட்டால் மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கி கடைசி வகைக்கு இறங்கும். சட்டைக்குள் மறையும் பிஸ்டல் மேலே ஏறும். உத்தரப் பிரதேசக் காவல்துறை 2020 குடியரசு நாளன்று .303 ரைபிளுக்கு அணிவகுப்பில் விடை கொடுத்து அனுப்பிவிட்டது. அட்டவணை இன்னும் விடை கொடுக்கவில்லை.

அதுவரை இருக்கிற சட்டத்தோடுதான் வாழ வேண்டும். உங்கள் வீட்டுப் பரணிலோ பூர்வீகப் பெட்டியிலோ தாத்தாவின் துப்பாக்கி கிடந்தால், உரிமம் அவரோடு முடிந்துவிட்டது என்பதை நினைவில் வையுங்கள். 21ஆம் பிரிவின்படி அதைத் தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வாரிசு உரிமத்துக்குப் பிறகு விண்ணப்பிக்கலாம். அதில் எந்தத் தோட்டா ஏறும் என்று நீங்களே சோதித்துப் பார்க்காதீர்கள்.